மாடு தின்ற முப்பதடி ரோடு

போன மாதம் ஒரு காலையில், மரக்காணத்தில் புதுச்சேரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் டை கட்டிய ஒருவர் நேராக என்னிடம் வந்து ஒரு வண்ணத்தாளைக் கையில் திணித்தார்.

“மேடம், சைட் பாக்க வர்றீங்களா? ஏசி வேன். போக வர ஃப்ரீ. மதியம் பிரியாணி.”

தாளில் நீலக் கடல், இரண்டு பக்கமும் தென்னை வைத்த அகலமான சாலை, அதில் சைக்கிள் ஓட்டும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அடியில் பொடி எழுத்தில் சர்வே எண். எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் செல்போன் டவரில்தான் ஏற வேண்டும். சுற்றி இருப்பதெல்லாம் உப்பளம்.

ஊரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கடற்கரையில் வீட்டுமனைப் பிரிவு போட நினைத்தவர்கள் எல்லோரும் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். வேலையில் இருந்தவரை எந்த புரமோட்டர் வாங்கிக் கொடுத்த டீயையும் நான் குடித்ததில்லை. இப்போதுதான் ஓய்வு பெற்றாகிவிட்டதே, பிரியாணிக்கு யார் விளக்கம் கேட்கப் போகிறார்கள்? வேனில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன்.

வேன் கிளம்பியதும் டைக்காரர் ஆரம்பித்தார். “மேடம், நம்ம சைட்டுக்குப் போற ரோடு ஃபுல்லா முப்பதடி. லாரியே அல்வா மாதிரி திரும்பும்.”

லாரி திரும்புவதைப் பற்றி என்னிடமா? அந்த முப்பதடி ரோட்டை ஒருமுறை மாடு தின்றதையும், அதனால் என்னென்ன ஆனது என்பதையும் அவருக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். வியாபாரம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். இங்கே எழுதுவதற்கு அந்தத் தடை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாமே கையால் வரைவதுதான். டிரேசிங் தாளில் மைப்பேனாவால் கோடு. தப்பினால் பிளேடால் சுரண்டல். உப்புக்காற்றில் தாள் ஊறி, காலையில் முப்பதடியாக வரைந்த சாலை மாலையில் நெளிந்து கிடக்கும். சட்டம் மீட்டரில் பேசும், மக்கள் அடியில் பேசுவார்கள், பத்திரம் சென்டில் பேசும். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்துக்கொள்ளக் கற்றதுதான் என் பயிற்சிக் காலம். அதில் வேறு சுவாரசியம் கிடையாது.

விதிகள் கேட்க எளிமையானவை. மனைப் பிரிவுக்குள் போடும் சாலை குறிப்பிட்ட அகலம் இருக்க வேண்டும். நாளைக்குப் பக்கத்து நிலத்திலும் வீடு வரலாம் என்பதால், சாலையை நிலத்தின் எல்லை வரை கொண்டுபோக வேண்டும். பூங்காவுக்கு இடம் விட வேண்டும். இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில், மூலையில் இருக்கும் மனையின் முனையை முக்கோணமாக வெட்டிச் சாலையோடு சேர்க்க வேண்டும். அலுவலகத்தில் இதற்கு ஸ்ப்ளே என்று பெயர். வண்டி திரும்பவும், எதிரே வருபவர் முகம் தெரியவும் அந்த வெட்டு.

புரமோட்டர்களுக்கு மற்றதெல்லாம் வயிற்றுவலி என்றால் இந்த ஸ்ப்ளே பிரசவ வலி. கூறு போட்ட பூசணிக்காயில் ஒரு துண்டைச் சும்மா கொடு என்றால் யாருக்கு மனசு வரும்? அதுவும் வெட்டுப்படும் மூலை வடகிழக்கு மூலையாக அமைந்துவிட்டால் போச்சு. ஈசானிய மூலை! அதில் கை வைத்தால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்று வாஸ்து சொல்கிறதாம். இந்துக்கள் மட்டும்தான் இதைப் பார்ப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சவூதியிலிருந்து திரும்பிய பாய்மார்களும், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் எங்களிடம் ஒரே குரலில்தான் சண்டை போட்டிருக்கிறார்கள்.

எங்கள் துணை இயக்குநர் கஜேந்திரன் சார். ஒல்லியான மனிதர். யாரையும் ‘நீ’ என்று சொல்லிக் கேட்டதில்லை. வழியில் நிற்கும் ஆட்டைக்கூட “கொஞ்சம் தள்ளிக்குங்க” என்பார். யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்லவும் மாட்டார். “ஓட்டிப் பார்க்கலாங்க” என்பார். அதைக் கேட்டதும் விவரம் தெரிந்த புரமோட்டர்களுக்கு முகம் வெளிறிவிடும். ஏனென்றால் அவர் உண்மையிலேயே ஓட்டிப் பார்ப்பார். அலுவலக நாற்காலிகளை வீடுகளாக வரிசை வைத்து, கோப்பு ஏற்றும் தள்ளுவண்டியை லாரியாக்கி, மனு கொடுத்தவர் கையிலேயே கொடுத்துத் தள்ளச் சொல்வார். வெள்ளைச் சட்டையும் தங்க மோதிரமுமாக வந்த பெரிய மனிதர்கள் எங்கள் ஹாலில் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளுவண்டி ஓட்டிய காட்சி, சம்பளத்துக்கு மேல் எங்களுக்குக் கிடைத்த போனஸ். நாற்காலியில் இடித்துவிட்டால் சார் ரொம்ப வருத்தமாக, “அச்சச்சோ, ஒரு வீடு போச்சுங்களே” என்பார்.

ஆய்வுக்குப் போனால் அவருக்கு ஒரே ஒரு பலவீனம்: பிரியாணி வாசனை. புரமோட்டர்கள் தம் போட்ட அண்டாவோடு காத்திருப்பார்கள். சார் ஜீப் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைத் தின்பார். அவர் தின்று முடிக்கும் வரை நாங்களும் கண்ணாடிக்குள் வெந்துகொண்டிருப்போம். அப்போது நான் அவரை மனதுக்குள் திட்டியது உண்மை.

இனி குபேர நகர் கதைக்கு வருகிறேன்.

மரக்காணத்துக்குக் கொஞ்சம் தெற்கே, ஈ.சி.ஆர். சாலையிலிருந்து உப்பளத்துப் பக்கமாக இறங்கும் ஒரு நிலம். புரமோட்டர் பெயர் தேவராஜ். அங்கீகாரம் வருவதற்கு முன்பே பாதி மனைகளுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார். வரைபடத்தில் ஒரு மூலையைக்கூட வெட்டவில்லை. சார் வழக்கம்போல, “சாலையை எல்லாம் தரையில கோடு போட்டு வைங்க, வர்றோம்” என்று சொல்லி அனுப்பினார்.

வழக்கமாகச் சுண்ணாம்புத் தூளில்தான் கோடு போடுவார்கள். தேவராஜ் சிக்கனக்காரர். பக்கத்தில் மலைமலையாக உப்பு குவிந்து கிடக்கும்போது சுண்ணாம்புக்கு எதற்குச் செலவு? அளத்துக்காரரிடம் மட்ட உப்பாகக் கொஞ்சம் கேட்டு வாங்கி, முதல் நாள் சாயங்காலம் எல்லாச் சாலைகளையும் பளீரென்று போட்டுவிட்டார். அழகாகத்தான் இருந்ததாம். நாங்கள் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

காலையில் ஜீப்பை விட்டு இறங்கினால் வெறும் பொட்டல். நடுவில் ஏழெட்டு மாடுகள் உதட்டை நக்கிக்கொண்டு நின்றன.

“ரோடு எங்கேங்க?” என்றார் சார்.

தேவராஜ் தலையைச் சொறிந்தார். “போட்டிருந்தேன் சார். மாடு தின்னுடுச்சு.”

“எந்த ரோடு?”

“முப்பதடி ரோடு முழுசா போச்சு சார். பின்னாடி இருக்கிற இருபத்துமூணு அடில பாதி இருக்குது.” அந்தப் பாதியையும் ஒரு கன்று நிதானமாக முடித்துக்கொண்டிருந்தது.

சார் என்னைப் பார்த்து, “கோமதி, எழுதிக்குங்க” என்றார். நான் எழுதினேன்: ‘ஆய்வின்போது மனைப்பிரிவில் சாலைகள் காணப்படவில்லை. அவை கால்நடைகளால் உட்கொள்ளப்பட்டன.’ சார் வாங்கிப் படித்துவிட்டு, ‘உட்கொள்ளப்பட்டதாக மனுதாரர் தெரிவிக்கிறார்’ என்று திருத்தினார். நேரில் பார்க்காததை உறுதியாக எழுதக்கூடாதாம். அந்தக் கன்றை மட்டும் நேரில் பார்த்தோமே என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அன்று மனை பார்க்க வந்திருந்தவர்களும் அங்கே கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி செல்வி. உப்பளத்தில் கூலி வேலை, பாதமெல்லாம் வெடித்திருந்தது. ரப்பர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் முருகேசன் உப்பு வியாபாரி ஒருவரிடம் லாரி ஓட்டுபவன். அளத்தில் ஏற்றிய லோடோடு, போகிற வழியில் பெண்டாட்டி வாங்கிய இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்திருந்தான். அந்த மண்ணை வாங்க அவர்கள் எத்தனை வருஷம் வாயைக் கட்டினார்கள் என்பது செல்வி அங்கே நின்ற நிலையிலேயே தெரிந்தது. யாராவது மிதித்துவிடுவார்களோ என்று காவல் நிற்பதுபோல நின்றாள்.

அவள் மனைதான் இரண்டு சாலைகள் சந்திக்கும் இடம். வெட்டுப்பட வேண்டிய முனை அதன் வடகிழக்கு மூலை. சார் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

செல்வி பதறிவிட்டாள். “ஐயோ, அது மட்டும் வேணாம் சார். கீழ்புத்துப்பட்டுல எங்க அக்கா வீட்டுல அந்த மூலையைத்தான் வெட்டி பாத்ரூம் கட்டுனாங்க. வருசம் திரும்பல, எங்க மாமா நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தவரு எழுந்திரிக்கவே இல்ல. எனக்கு வூடே இல்லாம போனாலும் போவட்டும். இந்த ஆளு வேணும் சார்.”

முருகேசன் வெட்கத்தில் தலையைத் திருப்பிக்கொண்டான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. மூலையை வெட்டாமல் இந்தப் பிரிவுக்கு அனுமதி வராது. அனுமதி வராவிட்டால் பத்திரம் ஆகாது, கரண்ட் வராது, அவர்கள் சேர்த்துக் கொடுத்ததெல்லாம் தேவராஜோடு நின்றுவிடும். வெட்டினால் புருஷன் போய்விடுவான் என்று இவள் நம்புகிறாள். நம்பிக்கையோடு யார் வாதாட முடியும்? 

சார் வாதாடவில்லை. தூரத்தில் நின்ற லாரியைப் பார்த்தார். “அது யாருதுங்க?”

“நான் ஓட்டுறதுங்க சார்,” என்றான் முருகேசன்.

“அப்போ ஓட்டிப் பார்க்கலாங்க.”

கோடுதான் மாட்டின் வயிற்றில் இருந்ததே. அதனால் சார் மனிதர்களை நிறுத்தினார். சங்கிலி பிடித்து அளந்து, மனை வாங்க வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “நீங்க காம்பவுண்டு சுவர். நீங்க எதிர் வீட்டுக் கேட். அசையக்கூடாது” என்று இடம் காட்டினார். தேவராஜுக்கு மின்கம்பம் வேஷம். கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார். சார் கடைசியாக என் பக்கம் திரும்பி, “கோமதி, நீங்க சாக்கடை” என்றார். புதுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அரசாங்க உத்தியோகத்தில் என்னவெல்லாமோ ஆக வேண்டியிருக்கிறது.

செல்வியை அவள் மூலையிலேயே நிறுத்தினார், வெட்டாத முழு முனையாக. முருகேசன் லாரியைக் கிளப்பி தெற்கிலிருந்து வந்தான். இடது பக்கம் திரும்ப வேண்டும். மின்கம்பத்தைத் தாண்ட வலது பக்கம் ஒடித்தான். எதிர் வீட்டுக் கேட் அலறிக்கொண்டு ஓடியது. “கேட் ஓடக்கூடாதுங்க!” என்றார் சார். பின்னால் எடுத்தான். மறுபடி வந்தான். இந்த முறை லாரியின் மூக்கு திரும்பிவிட்டது, உடம்பு திரும்பவில்லை. பக்கவாட்டுப் பலகை செல்வியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

முருகேசன் தலையை வெளியே நீட்டினான். “ஏய், நவுரு!”

“நான் செவுரு. செவுரு நவுருமா?”

“அடியே, இன்னும் கொஞ்சம் வந்தா உன்மேல ஏறிடும்டி!”

“ஏறட்டும். நீ நல்லா இருக்கணும்னுதான் நிக்கிறேன். நீ திருப்பு.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மின்கம்பமும் சிரித்தது. முருகேசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேகமாகப் பின்னால் எடுத்தான். பின்னால் உப்பளத்துக்குத் தண்ணீர் போகும் நிஜ வாய்க்கால் இருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். நான் பொய்ச் சாக்கடையாக இந்தப் பக்கம் நிற்க, பின் சக்கரம் நிஜ வாய்க்காலில் இறங்கியது. லாரி ஒருபக்கமாகச் சாய்ந்தது. பலகை திறந்துகொண்டு உப்பு சரசரவென்று சரிந்து மலையாகக் குவிந்தது.

சத்தம் கேட்டோ வாசனை பிடித்தோ தெரியவில்லை, காலையில் ரோடு தின்ற மாடுகள் எல்லாம் குடும்பத்தோடு திரும்பி வந்தன. மதியச் சாப்பாடு இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று அவை எதிர்பார்த்திருக்காது.

சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் முருகேசன் இறங்கி வந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டோம். உப்பையும் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. நேராகச் செல்வியிடம் போனான்.

“மூலை போனா நான் செத்துடுவேன்னு பயப்படுறியே,” என்றான். “அந்த மூலை அங்க இருந்ததால இப்ப நானே உன்ன கொன்னுட்டிருப்பேன்டி. அப்புறம் அந்த வூட்டுல நான் யாரோட இருக்கறது?”

அதுவரை அசையாமல் நின்ற சுவர் பொத்தென்று தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. சார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாடுகளைப் பார்த்தபடி நின்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். “கோமதி, மூலையும் வெட்டணும். அந்தம்மா மூலையும் முழுசா இருக்கணும். வழி இருக்குதுங்களா?”

வரைபடத்தை ஜீப் மேல் விரித்தேன். தேவராஜ் எல்லா புரமோட்டர்களையும் போலத்தான் பூங்காவை ஒளித்து வைத்திருந்தார்: கடைசிக் கோடியில், வாய்க்காலை ஒட்டி, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில். அதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று ஒரு எண்ணம் தோன்றியது.

“சார், பூங்காவை அந்த மூலைக்குக் கொண்டுவந்துடலாம். முனையைப் பூங்காவுல வெட்டிக்கலாம். இவங்க மனையை ஒண்ணு தள்ளி மேற்கே போட்டா, இவங்க மூலை சந்திப்புலயே வராது. பூங்காவுக்குக் குடும்பத் தலைவர் யாரும் கிடையாது சார்.”

தேவராஜ் மின்கம்ப வேஷத்தைக் கலைத்துவிட்டு ஓடி வந்தார். “மேடம், அது என் முதல் தரமான இடம்! அந்தப் பள்ளத்தை யாரு வாங்குவா? தண்ணி நிக்கும் மேடம்!”

“அப்படிங்களா?” என்றார் சார், ரொம்ப மரியாதையாக. “பிள்ளைங்க மட்டும் அதுல நின்னு விளையாடலாம்னு விட்டிருந்தீங்களா?”

பள்ளத்தை மேடாக்கிவிட்டுத்தான் மனை போட வேண்டும் என்று சார் அதையும் நிபந்தனையில் சேர்த்தார்.

செல்வி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தயங்கினாள். “மூலை மனைன்னு சொல்லித்தானே மேடம் குடுத்தாங்க?”

எனக்கு வாஸ்துவில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று அரசாங்கக் கோப்பு நகர்வதற்காக நான் ஜோசியக்காரி ஆனேன். “இங்க பாரும்மா, இப்ப உன் வீட்டுக்குக் கெழக்கால பூரா பூங்கா. ஈசானியத்துப் பக்கம் திறந்தவெளி. இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? வெட்டுப்பட்டது பூங்கா. உன் மூலை அப்படியே இருக்குது.”

செல்வி எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “அப்ப சரி மேடம்,” என்றாள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த தேவராஜின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த வாரமே ‘ஈசானியப் பூங்கா அமைந்த ஒரே நகர்’ என்று ஈ.சி.ஆர். முழுக்க பேனர் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஊரமைப்பில் எவ்வளவோ மாறிவிட்டது. இப்போது மனு, வரைபடம் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. மூலை வெட்டாவிட்டால் திரையில் சிவப்பாக ஒரு வட்டம் வருகிறதாம். நல்லதுதான். யாரும் சாக்கடையாக நிற்க வேண்டியதில்லை.

சரி, வேனுக்கு வருவோம். டைக்காரரின் புது மனைப்பிரிவு குபேர நகருக்கு அடுத்த நிலம். அன்று சாலையை எல்லை வரை விடவைத்தோமே, அந்தச் சாலையில்தான் இப்போது வேன் போனது. இரண்டு பக்கமும் வீடுகள் வந்துவிட்டன. பூங்காவில் நாலு வேப்பமரமும் ஒரு சறுக்கு மரமும். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, வேன் சட்டென்று பிரேக் போடும் வரை.

பூங்காவின் வெட்டிய மூலையில், வண்டி திரும்புவதற்கென்றே நாங்கள் அவ்வளவு பாடுபட்டு விடவைத்த அந்த முக்கோணத்தில், ஒரு லாரி நின்றிருந்தது. வேன் திரும்ப வழியில்லை.

டைக்காரர் நெளிந்தார். “மேடம், இது நம்ம சைட் இல்ல, பக்கத்து சைட்டு…”

எனக்கு வந்த கோபத்தில் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். “யாருய்யா இங்க வண்டியை நிறுத்துனது? இது ஸ்ப்ளேனு தெரியாதா?” என்று லாரியின் பலகையைத் தட்டினேன்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் கரண்டியோடு வெளியே வந்தாள். “யாரும்மா அது லாரி மேல கைய வைக்கிறது?” என்றவள் என்னை உற்றுப் பார்த்தாள். கரண்டி கீழே இறங்கியது. “அட! மூலையை வெட்ட வந்த மேடம்!”

செல்விதான். கொஞ்சம் பெருத்திருந்தாள். காலில் வெடிப்பு இல்லை.

“ஏம்மா, வண்டி திரும்பணும்னுதானே இந்த மூலையையே வெட்டினோம்? அங்கேயே வண்டியை நிறுத்தினா?”

“காலியா கெடக்குதே மேடம்,” என்றாள் கூச்சமே இல்லாமல். “இதுக்குப் போயி இன்னாத்துக்கு டென்சன் ஆவுறீங்க? செவுருதான் நவுராது. லாரி நவுரும்ல?” பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, “யோவ், வண்டிய எடு! மேடம் வந்திருக்காங்க!” என்று கத்தினாள்.

முருகேசன் பனியனோடு வந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. செல்வி அவனை மேலும் கீழும் காட்டி, “பாத்தீங்களா மேடம், ஆளு கல்லு மாதிரி கீறாரு. எல்லாம் அந்த ஈசானியம்” என்றாள். எனக்கும் அவனைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அவன் லாரியில் ஏறிக் கிளப்பினான். செல்வி வண்டியின் பின்னால் போய், வெட்டிய மூலையில் காலை அகட்டி நின்றுகொண்டு, “வா… வா… வா…” என்று கையாட்டி வழி சொன்னாள். லாரி பின்னால் வந்தது. நாலடி தூரத்தில் நின்றது. முருகேசன் தலையை வெளியே நீட்டினான்.

“மொதல்ல நீ நவுருடி!”

செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரெண்டடி நகர்ந்து நின்றாள்.